சாலை மேலே ஏறிவிட்டது, ஊர் திரும்பி ஏறுமா? (குஞ்ஜி, வியாஸ் பள்ளத்தாக்கு)

வழிப்போக்கன்

உத்தராகண்டின் பித்தோராகட் மாவட்டத்தில், நேபாளமும் திபெத்தும் இந்தியாவும் ஒன்றையொன்று தொடுகிற மூலையில் குஞ்ஜி என்றொரு ஊர் இருக்கிறது. சென்ற ஆண்டு செப்டம்பர் இறுதியில் அங்கே நான்கு நாட்கள் தங்கினேன். அடிவாரத்து ஊரான தார்ச்சூலாவில், எல்லையோரப் பகுதிக்குள் போகத் தேவையான உள்கோட்டு அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினால், காளி ஆற்றை ஒட்டியே வண்டி போகும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் தெரியும் வீடுகளெல்லாம் நேபாளம். காலையில் ஏறினால் மாலைக்குள் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,200 மீட்டர் உயரத்துக்குப் போய்விடலாம். 2020ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் லிபுலேக் கணவாயை நோக்கிய சாலை திறக்கப்படுவதற்கு முன்பு, இதே தொலைவை மக்கள் பல நாட்கள் நடந்தே கடந்தார்கள்.

நான் தங்கியது ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவரின் வீட்டில். கீழ்த்தளம் கல், மேல்தளம் மரம். பழைய கதவு நிலையில் கொடியும் பூவுமாகச் செதுக்கிய வேலைப்பாடு, அதன்மேல் புதிதாக ஆணியடித்துத் தொங்கவிட்ட ‘அறைகள் கிடைக்கும்’ பலகை. பக்கத்து வீட்டில் பூட்டு, அதற்கடுத்த வீட்டில் கூரையே இல்லை. வயலில் பாபர் என்று அவர்கள் சொல்லும் சிவந்த தண்டுப் பயிரை அறுத்துக்கொண்டிருந்தவர்கள் மூன்று பேர், மூவருமே அறுபதைத் தாண்டியவர்கள்.

இங்கே வாழும் மக்கள் தங்களை ‘ரங்’ என்று சொல்லிக்கொள்கிறார்கள். வெளியார் போட்டியா என்கிறார்கள். எல்லைக்கு அருகிலுள்ள ஊர்களில் ஆள் குறைந்துவருவதைத் தடுக்க அரசு சாலை போடுகிறது, திட்டம் தீட்டுகிறது, ‘கடைசி ஊர்’ என்ற பெயரை ‘முதல் ஊர்’ என்று மாற்றுகிறது. சாலை வந்தால் மக்கள் திரும்புவார்கள் என்பது எல்லோருடைய நம்பிக்கையாகவும் இருக்கிறது. அந்த நான்கு நாட்களில் எனக்கு அந்த நம்பிக்கை வரவில்லை. ஏறி வந்த ஜீப்புகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆதி கைலாயம் என்ற மலைச் சிகரத்தைப் பார்க்க வந்த பயணிகள். இறங்கிப் போன ஜீப்புகளில்தான் ஊர்க்காரர்கள் இருந்தார்கள். என் கணிப்பு தவறாக இருக்கலாம். அந்தப் பகுதியை அறிந்தவர்கள் இங்கே இருப்பீர்கள் என்ற எண்ணத்தில்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

ஓய்வுபெற்ற சுபேதார்

தம்பி, நீங்கள் ஜீப்பில் ஏறிப் போய்ச் சாலையின் மீது ஐயம் எழுப்புகிறீர்கள். நான் தொண்ணூறுகளில் அந்தப் பாதையில் கோவேறு கழுதைகளோடு நடந்தவன். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் ஆறு, நடுவில் கால் வைக்க முழ அகலம் கூட இராத இடங்கள் இருந்தன. 1998 ஆகஸ்டில் மால்பா என்ற தங்குமிடத்தின் மீது இரவோடு இரவாக மலை சரிந்து விழுந்தபோது, கைலாய யாத்திரிகர்கள் ஏறத்தாழ அறுபது பேர் உட்பட இருநூறுக்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள். அந்த வழியில் பிரசவ வலி எடுத்த பெண்ணை முதுகில் கட்டிய கூடையில் வைத்து இறக்குவார்கள். உயிரோடு போய்ச் சேர்ந்தால் அது அவள் நல்லூழ். சாலை என்ன செய்யும் என்று கேட்பவர்கள், சாலை இல்லாத இடத்தில் ஒரு மாதம் அரிசி மூட்டை சுமந்துவிட்டுக் கேட்கட்டும்.

பாதுகாப்புக் கோணத்தையும் நீங்கள் விட்டுவிட்டீர்கள். எல்லையில் ஆள் நடமாட்டம் இருக்கும் ஊர் என்பது, சம்பளம் வாங்காத காவல் சாவடி. புதிதாக ஒரு பாதை முளைத்தாலும், அறியாத முகம் ஒன்று மேய்ச்சல் நிலத்தில் தென்பட்டாலும் முதலில் சொல்பவன் ஆட்டிடையன்தான். சீனா திபெத்தின் எல்லை ஓரமாக அறுநூறுக்கும் மேற்பட்ட புதிய ஊர்களைக் கட்டி ஆட்களைக் குடியேற்றியிருக்கிறது. நம்மிடம் நூற்றாண்டுகளாகக் குடியிருக்கும் மக்களே இருக்கும்போது அவர்களைத் தக்கவைக்கச் சாலையைவிட முதன்மையான வேலை எது?

கணக்குப்பிள்ளை

சுபேதார் ஐயாவின் அனுபவத்துக்கு முன்னால் எண்களை வைப்பது சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது. இருந்தாலும், உத்தராகண்ட் அரசு அமைத்த புலம்பெயர்வு ஆணையம் 2018இல் வெளியிட்ட அறிக்கை இந்த இழைக்கு நேரடியாகத் தொடர்புடையது. பத்தாண்டுகளில் 1,18,981 பேர் தங்கள் ஊரை நிலையாக விட்டு வெளியேறினார்கள் என்று அது சொல்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு 734 ஊர்களில் ஆளே இல்லாமல் போனது. அவற்றில் 14 ஊர்கள் பன்னாட்டு எல்லையிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் இருப்பவை.

காரணங்களைப் பாருங்கள். வெளியேறியவர்களில் பாதிப் பேர் வேலையையும் பிழைப்பையும் காரணமாகச் சொன்னார்கள். ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் கல்வியையும், 9 விழுக்காட்டினர் மருத்துவத்தையும் சொன்னார்கள். போனவர்களில் நாற்பது விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் 26 முதல் 35 வயதுக்குள் இருப்பவர்கள். அதாவது ஏர் பிடிக்கும் வயதும் பிள்ளை பெறும் வயதும் சேர்ந்தே இறங்கிவிட்டன. பள்ளியையும் மருத்துவமனையையும் சாலை அருகே கொண்டுவரும், அதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் பாதிப் பேருக்கான பிழைப்பைச் சாலை எங்கிருந்து கொண்டுவரும் என்பதுதான் கேள்வி.

2023 பிப்ரவரியில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த ‘துடிப்பான கிராமங்கள்’ திட்டத்துக்கு ஒதுக்கப்பட்டது 4,800 கோடி ரூபாய். வடக்கு எல்லையில் 2,967 ஊர்களை எடுத்துக்கொண்டு, முதல் கட்டமாக 662 ஊர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். உத்தராகண்டின் பங்கு 51 ஊர்கள். அந்த 4,800 கோடியில் 2,500 கோடி சாலைகளுக்கு மட்டுமே என்று முதலிலேயே பிரித்து வைக்கப்பட்டுவிட்டது. எஞ்சிய தொகையில்தான் பிழைப்பு, மின்சாரம், குடிநீர், தொலைத்தொடர்பு, சுற்றுலா எல்லாமே. நோயைக் கண்டறிந்த தாளுக்கும் மருந்து எழுதிய தாளுக்கும் பொருத்தம் குறைவு என்பது என் கருத்து.

உமணர்வழி

மூவரும் ஊர் ஏன் காலியாகிறது என்று பேசுகிறீர்கள். அந்த உயரத்தில் ஊர் முதலில் ஏன் உண்டாயிற்று என்று கேட்டால் விடை தெளிவாகும் என நினைக்கிறேன். ஆண்டில் ஒரே ஒரு போகம், அதுவும் மூன்று நான்கு மாதத்தில் முடிந்துவிடும் பயிர். அதை மட்டும் நம்பி யாரும் 3,200 மீட்டர் உயரத்தில் இரண்டு மாடி வீடு கட்டி, நிலைக்கதவில் பூ செதுக்கிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

அந்த வீடுகளைக் கட்டியது வாணிபம். திபெத்தின் உப்பும், வெண்காரமும், கம்பளியும் லிபுலேக் வழியாக இறங்கின. கீழிருந்து தானியமும் வெல்லமும் துணியும் ஏறின. வண்டி போகாத வழியில் ஆடுகளே வண்டி. ஒவ்வோர் ஆட்டின் முதுகிலும் இரண்டு சிறு பைகளைத் தொங்கவிட்டு, நூற்றுக்கணக்கான ஆடுகளை ஓட்டிக்கொண்டு கணவாயைக் கடப்பார்கள். நம் சங்க இலக்கியத்தில் வரும் உமணர்கள் உப்பை நெல்லுக்கு மாற்றிக்கொண்டு, குடும்பத்தோடு ஊர் ஊராகப் போனார்களே, கிட்டத்தட்ட அதே வாழ்க்கைதான். ஓர் ஊர் பனிமலையில், ஓர் ஊர் அடிவாரத்தில், சந்தை திபெத்தின் தக்லாகோட்டில் என மூன்று இடங்களைச் சேர்த்துத்தான் அவர்கள் ‘வீடு’ என்ற சொல்லைப் புரிந்துகொண்டார்கள்.

1962 போரோடு கணவாய் மூடப்பட்டது. முப்பது ஆண்டுகள் கழித்து, 1992இல் லிபுலேக் மீண்டும் திறக்கப்பட்டாலும், எந்தப் பொருளை யார் எப்போது கொண்டுபோகலாம் என்பதெல்லாம் பட்டியலுக்கும் அனுமதிச் சீட்டுக்கும் உட்பட்டதாகிவிட்டது. 2019 பருவத்துக்குப் பிறகு அதுவும் நின்றது. தக்லாகோட்டில் வாடகை அறைகளில் சரக்கை வைத்துவிட்டு, அடுத்த ஆண்டு வந்து விற்கலாம் என்று இறங்கிய வணிகர்கள் பலர், அதன் பிறகு அந்தச் சரக்கைக் கண்ணால் பார்க்கவில்லை.

ஆகவே எனக்குத் தோன்றுவது இதுதான். குஞ்ஜி ஒருநாளும் நாட்டின் கடைசி ஊராக இருந்ததில்லை. அது நெடுவழியின் நடு ஊர். வழியின் ஒரு முனையை அடைத்த பின்னர்தான் அது ‘கடைசி’ ஆயிற்று. இப்போது போட்டிருக்கும் சாலை இன்னொரு முனையை மட்டும் அகலப்படுத்துகிறது. ஒரு பக்கம் மூடிய குழாயின் மறுபக்கத்தை எவ்வளவு அகலமாக்கினாலும் அதில் நீர் ஓடாது.

பாம்பன்காரன்

உமணர்வழி எழுதியதைப் படித்தவுடன் எங்கள் தனுஷ்கோடி நினைவுக்கு வந்தது. 1914 முதல் ரயிலும் கப்பலும் அங்கே கைமாறின. சென்னையில் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்பு போய்ச் சேருவார். தபால் நிலையம், சுங்கச் சாவடி, தேவாலயம் எல்லாம் இருந்த ஊர் அது. 1964 டிசம்பர் புயல் அழித்தது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அழித்தது உண்மைதான், ஆனால் புயலில் அழிந்த எத்தனையோ கடற்கரை ஊர்கள் மீண்டும் எழுந்திருக்கின்றன. கப்பல் மறுபடி அங்கிருந்து புறப்பட்டிருந்தால் ஊரும் எழுந்திருக்கும் என்று என் பாட்டனார் சொல்வார்.

2017இல் அரிச்சல்முனை வரை சாலை திறந்தார்கள். இன்று விடுமுறை நாளில் கார் நிறுத்த இடம் கிடைப்பதில்லை. கரைவலை இழுப்பவர்களில் சிலர் சங்கு, பாசி விற்கிறார்கள். சிலருக்கு வருமானம் கூடியிருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் சாலை வந்ததால் மண்டபத்துக்கும் இராமேசுவரத்துக்கும் போன குடும்பம் ஒன்று திரும்பி வந்து குடிசை போட்டதாக நான் அறியவில்லை. வேறு ஊரின் கதையை நுழைத்ததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வுபெற்ற சுபேதார்

பாம்பன்காரரே, பொறுக்க என்ன இருக்கிறது, பொருத்தமாகத்தான் சொன்னீர்கள். ஆனால் கணவாயைத் திறப்பது குஞ்ஜிக்காரர் கையிலும் இல்லை, தில்லியின் கையில் மட்டும் இல்லை. பெய்ஜிங் ஒப்புக்கொள்ள வேண்டும். அது நடக்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியுமா? சந்தை வேறு இடத்திலும் இருக்கிறது. எல்லைக் காவல் படைகள் பல்லாயிரம் பேருக்குச் சமைக்கின்றன. உருளைக்கிழங்கும் ஆட்டிறைச்சியும் சமவெளியிலிருந்து லாரியில் ஏறி வருகின்றன. 2024 அக்டோபரில் உத்தராகண்ட் அரசும் இந்திய-திபெத் எல்லைக் காவல் படையும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, ஆடு, கோழி, மீன் ஆகியவற்றை அந்தந்தப் பகுதி உற்பத்தியாளர்களிடமே வாங்க வேண்டும். இதை நேர்மையாக நடைமுறைப்படுத்தினால், ஒரு சாவடி ஒரு சந்தைக்குச் சமம். நான் பணியில் இருந்த காலத்தில் இப்படி ஓர் ஏற்பாடு இருந்திருந்தால், டின்னில் அடைத்த காய்கறியைத் தின்றே பல்லைத் தேய்த்திருக்க மாட்டேன்.

ஐயுறுவோன்

எல்லோரும் இரக்கத்தோடு எழுதுகிறீர்கள். யாருக்காக இந்த இரக்கம்? 1967இல் போட்டியா மக்கள் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். வாணிபத்தில் எண்ணும் எழுத்தும் பழகியவர்கள் என்பதால் அந்த வாய்ப்பை நன்றாகவே பயன்படுத்தினார்கள். ஆட்சிப் பணி, வங்கி, படை, ஆசிரியப் பணி என்று அந்தச் சிறிய சமூகத்திலிருந்து போனவர்கள் ஏராளம். வழிப்போக்கன் தங்கிய வீட்டுக்காரரே ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்தானே? அவர் வறுமையால் துரத்தப்பட்டு இறங்கவில்லை, படித்து, தேர்வெழுதி, மாறுதல் வாங்கிக்கொண்டு இறங்கினார். தஞ்சாவூர் கிராமத்திலிருந்து சென்னைக்கு வந்தவரை ‘ஊரை இழந்தவர்’ என்று யாரும் அழைப்பதில்லை. மலைக்காரர் என்றவுடன் மட்டும் அவர் மலையிலேயே ஆடு மேய்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று நாம் விரும்புவது, நமக்குச் சுற்றுலா போக ஓர் ஊர் வேண்டும் என்பதற்காகவா?

இன்னொன்று. பூட்டிய வீட்டைப் பார்த்து ஊர் அழிகிறது என்று முடிவு கட்டுவதும் தவறு. பனிக்காலத்தில் அந்தப் பள்ளத்தாக்கு முழுவதுமே தார்ச்சூலாவுக்கு இறங்கிவிடும். இது வாணிபம் செழித்த காலத்திலும் நடந்ததுதான். செப்டம்பர் இறுதியில் போனவர், இறங்கும் பருவத்தின் தொடக்கத்தைப் பார்த்துவிட்டு, ஜீப்பில் ஊர்க்காரர்கள் இறங்குகிறார்கள் என்று எழுதியிருக்கிறார். இறங்காமல் என்ன செய்வார்கள்?

வழிப்போக்கன்

ஐயுறுவோன் அவர்களே, இறுதிப் பத்தியில் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஜீப் கணக்கு என் பிழை. பருவம் மாறும் நேரத்தில் போய்ப் பார்த்ததை ஆண்டு முழுமைக்கும் பொதுமைப்படுத்திவிட்டேன்.

ஆனால் ஆறு மாத ஊருக்கும் ஆளற்ற ஊருக்கும் இடையே வேறுபாடு உண்டு. அதே மாவட்டத்தின் ஜோஹார் பள்ளத்தாக்கில் மிலம் என்ற ஊர் இருக்கிறது. வழக்கமான நூற்றெட்டு மணிக்குப் பதில் எண்ணுவதற்குத் தோதாக நூறு மணி கோத்த செபமாலையை உருட்டி, அடிகளை எண்ணி, லாசா நகரின் இருப்பிடத்தை அளந்து வந்த நயின் சிங் ராவத் பிறந்த ஊர் அது. அங்கே முன்பு ஏறத்தாழ ஐந்நூறு வீடுகள் இருந்ததாகச் சொல்வார்கள். 1962க்குப் பிறகு பெரும்பாலானவை சுவர் மட்டுமாக நிற்கின்றன. கோடையில் உருளைக்கிழங்கு போட வரும் சில குடும்பங்களும் காவல் படைச் சாவடியும்தான் மிச்சம். முன்சியாரியிலிருந்து அங்கே சாலை போடும் வேலை பல ஆண்டுகள் இழுத்து, 2019இல் கனரக இயந்திரங்களை ஹெலிகாப்டரில் தூக்கிக்கொண்டுபோய் வைக்க வேண்டியிருந்தது. வியாஸில் மட்டும் ஏன் இன்னும் கதவு திறந்து மூடுகிறது? 1992இல் கணவாய் திறந்ததும், கைலாய யாத்திரை 1981 முதல் அந்த வழியே நடந்ததும்தான் காரணம் என நினைக்கிறேன். அரைகுறையாகத் திறந்த கதவுகூட ஓர் ஊரை அரை உயிரோடு வைத்திருந்தது. இங்கே உமணர்வழி சொன்னதுதான் சான்றோடு நிற்கிறது.

யாரும் ஆடு மேய்க்க வேண்டும் என்று நான் விரும்பவில்லை. அந்த வங்கி ஊழியரின் மகன் புனேயில் இருக்கிறான், இருக்கட்டும். திரும்ப விரும்புகிறவருக்குத் திரும்புவதற்கு ஏதேனும் இருக்கிறதா என்பதே என் கேள்வி.

மலைப்பச்சை

நான் தாவரவியல் கற்பிக்கிறேன். கள ஆய்வுக்காகப் பித்தோராகட்டின் மேல் ஊர்களில் இரண்டு பருவங்கள் இருந்திருக்கிறேன். திரும்புவதற்கு என்ன இருக்கிறது என்று வழிப்போக்கன் அண்ணன் கேட்டார். இப்போதைக்கு அங்கே இளைஞர்களை மேலே இழுக்கிற ஒரே பொருள் கீடா ஜடி. புழு ஒன்றின் உடலுக்குள் பூஞ்சை வளர்ந்து, புழுவைக் கொன்று, அதன் தலையிலிருந்து மெல்லிய தண்டாக மண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். சீன மருத்துவத்தில் அதற்குத் தேவை மிகுதி. தரமான சரக்கு கிலோவுக்குப் பல லட்சம் போகும். மே, ஜூன் மாதங்களில் பனி உருகும் மேய்ச்சல் வெளிகளில் குடும்பம் குடும்பமாகக் கூடாரம் போட்டு, குப்புறப் படுத்துத் தேடுவார்கள். பிள்ளைகளின் கண்ணுக்கு அது எளிதில் படும் என்பதால் பிள்ளைகளும் பள்ளியை விட்டுவிட்டு வந்துவிடுவார்கள்.

ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானத்தை இரண்டு மாதத்தில் அது கொடுத்துவிடுகிறது. ஆனால் கிடைக்கும் அளவு குறைந்துகொண்டே வருகிறது என்று தேடுபவர்களே சொல்கிறார்கள். 2020இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை அழிவாய்ப்புள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்தது. யார் எந்த மேய்ச்சல் வெளியில் தேடலாம் என்பதில் ஊருக்கு ஊர் சண்டை. இன்னொரு நகைமுரணும் உண்டு: இந்தப் பொருள் போய்ச் சேரும் சந்தை சீனா. நேர்வழி அடைபட்டிருப்பதால் கள்ள வழியாக, இடைத்தரகர் கைகள் பலவற்றைக் கடந்து போகிறது. மூடிய எல்லை வாணிபத்தை நிறுத்தவில்லை, அதன் ஆதாயத்தை ஊர்க்காரரிடமிருந்து தரகருக்கு மாற்றிவிட்டது.

பள்ளியைப் பற்றிக் கணக்குப்பிள்ளை ஐயா சொன்ன 15 விழுக்காட்டை நான் கூட்டியே மதிப்பேன். வேலைக்காகப் போனோம் என்று சொல்லும் தந்தைக்கும் உள்ளே பிள்ளையின் படிப்புக் கவலை இருக்கும். ஊர் இடம்பெயர்ந்தால் பள்ளியும் இடம்பெயரும் ஏற்பாடு அந்தப் பள்ளத்தாக்குகளில் இருந்தது. ஆண்டுக்கு இரண்டு முறை வகுப்பறை மாறும் தொடக்கப் பள்ளியைவிட, தார்ச்சூலாவிலோ பித்தோராகட்டிலோ அறை எடுத்து, தாயைப் பிள்ளையோடு அனுப்பிவிடுவதே நல்லது என்று குடும்பங்கள் முடிவு செய்தன. தாய் இறங்கியதும் வயல் தரிசாயிற்று. மலை வேளாண்மையில் உழுவதைத் தவிர மற்ற எல்லா வேலையையும் செய்தவள் அவள்தான்.

மொழிப்பித்தன்

இதுவரை யாரும் தொடாத ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். வியாஸ் மக்களின் ப்யாங்சி மொழி திபெத்திய-பர்மிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. எழுத்து இல்லை, யுனெஸ்கோவின் அருகிவரும் மொழிகள் பட்டியலில் இருக்கிறது. 2019 நவம்பரில் பிரதமர் தம் வானொலி உரையில் இந்த மக்கள் தங்கள் மொழியைக் காக்க எடுக்கும் முயற்சியைக் குறிப்பிட்டார். கைப்பேசிக் குழுக்களில் ஒருவருக்கொருவர் பேசிப் பதிவு செய்து அனுப்பிக் கற்கிறார்களாம். தார்ச்சூலாவில் குடியேறிய பிள்ளை குமாவோனியோ இந்தியோ பேசுகிறது. கோடையில் மேலே போனால்தான் பாட்டியிடம் ப்யாங்சி கேட்கிறது. அந்த ஆறு மாதம் இல்லையென்றால் மொழிக்கும் இருப்பிடம் இல்லை. ஐயுறுவோன் சொல்வதைப் போல யாரும் எங்கும் போகலாம், ஆனால் சென்னைக்குப் போன தஞ்சாவூர்க்காரருக்குத் தமிழ் அங்கேயும் காத்திருந்தது.

ஐயுறுவோன்

இந்த ஒன்றில் விடை சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

காளிக்கரை

தார்ச்சூலாவில் எட்டு ஆண்டுகள் கட்டுமான நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய திருநெல்வேலிக்காரன் நான். எல்லை என்றவுடன் நீங்கள் அனைவரும் சீன எல்லையை மட்டும் பார்க்கிறீர்கள். அந்த மக்களின் அன்றாடத்தில் இருப்பது நேபாள எல்லைதான். காளி ஆற்றுக்கு இந்தப் பக்கம் தார்ச்சூலா, அந்தப் பக்கமும் தார்ச்சூலா. இடையில் ஒரு தொங்கு பாலம். கடவுச்சீட்டு வேண்டாம். பாலம் திறந்திருக்கும் நேரத்தில் பெண் எடுக்கவும் கொடுக்கவும், உப்பு புளி வாங்கவும் போய் வருவார்கள். சில ஆண்டுகளுக்கு முன்வரை மேல் ஊர்களில் இந்தியக் கைப்பேசிச் சேவை எட்டாது என்பதால் பலரும் நேபாளச் சிம் அட்டையையே வைத்திருந்தார்கள். இந்தியாவில் நின்றுகொண்டு இந்தியாவில் இருக்கும் மகனை வெளிநாட்டு அழைப்பில் கூப்பிட்ட கதையை அங்கே எல்லோரும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

ரங் மக்களின் ஊர்களான சாங்ருவும் திங்கரும் ஆற்றுக்கு அந்தப் பக்கம், நேபாளத்தில் இருக்கின்றன. அவர்கள் தங்கள் சொந்த ஊருக்கு ஏற வேண்டுமென்றால் இந்தியப் பக்கத்து வழியே வசதி. 1816 சுகௌலி உடன்படிக்கை காளி ஆற்றை எல்லையாக்கியது. ஆனால் காளி எங்கே தொடங்குகிறது என்பதில் இரு நாடுகளுக்கும் ஒத்த கருத்து இல்லை. 2020 மே மாதத்தில் லிபுலேக் சாலை திறக்கப்பட்ட சில நாட்களில் நேபாளம் வெளியிட்ட வரைபடம் குஞ்ஜி, நாபி, குட்டி ஆகிய ஊர்களைத் தனக்குள் காட்டியது. அந்த ஊர்க்காரர்கள் இந்தியத் தேர்தலில் வாக்களிப்பவர்கள், இந்தியக் குடியுரிமை உள்ளவர்கள். ஆனால் அந்தப் பூசல் வந்த ஆண்டில் பாலம் மூடியபோது, ஒரே குலத்தின் திருமணமும் இழவும் இரண்டாகப் பிளந்தன. சாலை என்ற ஒரே பொருள் தில்லிக்கு ஒன்றாகவும், காத்மாண்டுவுக்கு வேறொன்றாகவும், ரங் குடும்பத்துக்கு மூன்றாவது ஒன்றாகவும் தெரிகிறது.

சுற்றுலாவைப் பற்றியும் ஒரு சொல். 2023 அக்டோபரில் பிரதமர் ஆதி கைலாயத்தை வணங்கிவிட்டுக் குஞ்ஜிக்கு வந்த பிறகு, பயணிகள் பல மடங்கு பெருகினார்கள். அறை வாடகை ஊர்க்காரர் கைக்குப் போகும் இடங்களில், குறிப்பாக வீட்டோடு தங்க வைக்கும் நாபி போன்ற ஊர்களில், பூட்டிய வீடுகள் சில திறக்கப்பட்டதை நானே கண்டேன். அதை மறைக்கக் கூடாது. அதே நேரத்தில் கழிவுநீருக்கு வழியில்லாமல் வரிசையாகத் தகரக் கொட்டகைகளும் எழுகின்றன. பயணி மே முதல் அக்டோபர் வரைதான் வருவார், அதிலும் மழை மாதங்களில் மலை சரிந்து சாலை அடைபடும். அதை மட்டும் நம்பிக் கடன் வாங்கியவர்களை எண்ணினால் எனக்கு அச்சமாக இருக்கிறது.

கணக்குப்பிள்ளை

அப்படியானால் இந்த இழை ஓரளவு ஒரே இடத்துக்கு வருகிறது. 2025இல் கைலாய யாத்திரை லிபுலேக் வழியாக மீண்டும் தொடங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் லிபுலேக், ஷிப்கி, நாதுலா ஆகிய மூன்று கணவாய்களிலும் எல்லை வாணிபத்தை மீண்டும் தொடங்க இந்தியாவும் சீனாவும் ஒப்புக்கொண்டன. நேபாளம் எதிர்ப்புத் தெரிவித்தது. இது குஞ்ஜிக்குத் திருப்புமுனையா?

உமணர்வழி

அவ்வளவு விரைவாகச் சொல்ல மாட்டேன். பழைய வாணிபம் இரு பக்கத்துக்கும் வேறு வழி இல்லாத காலத்தில் நடந்தது. இன்று திபெத்துக்குச் சீனத்தின் உள்நாட்டிலிருந்து ரயில் வருகிறது, உப்புக்கும் அரிசிக்கும் யாரும் குஞ்ஜிக்காரரை எதிர்பார்த்திருக்கவில்லை. பொருள் பட்டியலை விரிவாக்கி, வங்கியையும் சுங்கத்தையும் பருவம் முழுதும் மேலேயே இயங்கச் செய்து, உரிமத்தை ஊர்க்காரருக்கே கொடுத்தால் ஒரு சிறு சந்தை நிற்கும். இல்லையென்றால் சாலை வழியாகச் சமவெளிப் பெருவணிகரின் லாரி நேராகக் கணவாய்க்குப் போய்விடும். ஆட்டின் முதுகில் சரக்கு போன காலத்தில் வழி தெரிந்தவனுக்கே வாணிபம். லாரி போகும் காலத்தில் வழி தெரிந்திருப்பதற்கு விலை இல்லை. சாலையின் இந்தப் பக்கவிளைவைச் சுபேதார் ஐயாவும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஓய்வுபெற்ற சுபேதார்

எண்ணிப் பார்த்தேன். உரிமம் ஊர்க்காரருக்கே என்பதில் எனக்கும் உடன்பாடு. சாலையை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வழிப்போக்கன்

வாணிபச் செய்தி வந்தபின் அந்த வீட்டுக்காரரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவருடைய தந்தை தக்லாகோட்டில் கடை வைத்திருந்தவர். 1992க்குப் பிறகு இவருடைய தம்பி பருவந்தோறும் போய்வந்தார். 2019இல் வைத்துவிட்டு வந்த கற்கண்டு மூட்டைகளும் துணிக்கட்டுகளும் என்னவாயின என்று இதுவரை தெரியாது. ‘மகிழ்ச்சிதானே?’ என்று கேட்டேன். அதற்கு விடை சொல்லாமல், உங்கள் ஊரில் வெல்லம் மொத்த விலைக்கு என்ன போகிறது, அச்சாகக் கிடைக்குமா, உருண்டையாகவா, பனியில் கசியாமல் எத்தனை மாதம் நிற்கும் என்று வரிசையாகக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஈரோட்டுப் பக்கத்து நண்பர்கள் யாரேனும் சொன்னால் அவருக்குத் தெரிவிக்கிறேன்.

கரும்புக்காடு

கவுந்தப்பாடிச் சந்தைக்கு வாரந்தோறும் போகிறவன் நான். விலை வாரத்துக்கு வாரம் மாறும் என்பதால் இங்கே எழுதிப் பயனில்லை. சனிக்கிழமை ஏலம் முடிந்ததும் தனிச் செய்தியில் அனுப்புகிறேன். உயரத்துக்குக் கொண்டுபோவதென்றால் உருண்டை வெல்லத்தைவிட அச்சு வெல்லம் அடுக்குவதற்கு வாகானது. ஆனால் ஈரோட்டிலிருந்து தார்ச்சூலாவுக்கு லாரி வாடகை போட்டால் அவருக்குக் கட்டுப்படியாகாது. உத்தரப் பிரதேசத்து முசாபர்நகரில் இதைவிடப் பெரிய வெல்லச் சந்தை இருக்கிறது, அவருக்கும் அருகில். அதை அவர் அறியாமல் இருக்க மாட்டார். இருந்தும் உங்களிடம் கேட்டிருக்கிறார் என்றால், முசாபர்நகர்ச் சரக்கைப் பெருவணிகர்கள் ஏற்கெனவே பேசி முடித்துவிட்டார்களா என்று அவரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.